ஓவியனுக்கு மட்டும் கூலியில்லையோ?

“இலக்கிய இதழுக்கு ஓவியர் வேண்டும், ஊதியம் தர இயலாநிலை, தமிழ்த்தொண்டாகக் கருதி வரைந்துதவுக!” சிற்றிதழ் தொடங்குவோர் பலர் விடுக்கும் அழைப்பு இத்தன்மையதே. தாள் விற்போனிடம் இவர்கள் தொண்டு கேட்பதில்லை. அச்சகத்தான் கணக்கு நீட்டினால் மறுபேச்சின்றித் தருகின்றனர். ஓவியன் ஒருவன்றான் இவர்கள் கண்ணுக்கு வயிறில்லாப் பிறவி!

ஆதிமூலம் வரையவில்லையா என்பர் சிலர். வரைந்தார். துறையூரையடுத்த கீராம்பூரில் 1938இல் பிறந்து, சென்னை ஓவியக் கல்லூரியில் பயின்ற அவர், 1968இல் தோன்றிய ‘நடை’, 1970இல் தோன்றிய ‘கசடதபற’ முதலிய சிற்றிதழ்களுக்குத் தம் கோடுகளால் உருக்கொடுத்தார். பின்னாளில் கி. இராசநாராயணனின் கரிசற்காட்டு மாந்தரை அவர் வரைந்தபோது எழுத்தும் கோடும் ஒன்றையொன்று விஞ்சி நின்றன. ஆயினும் ஒருவர் உவந்தளிப்பது கொடை. அதனையே எல்லாரிடமும் கேட்டுப் பெறுவது வழக்கமாகிவிட்டால் அது சுரண்டல். ஆலை முதலாளியைச் சாடிப் பாட்டு வெளியிடும் இதழே இதனைச் செய்வது வெட்கக்கேடு.

கும்மிடிப்பூண்டிச் சிப்காட் தொழிற்பேட்டையைப் பற்றி ஒரு கதை வருகிறதென்று கொள்வோம். கூலி கொடாத இதழ் இன்று கணிப்பொறியிடம் நான்கு சொல் சொல்கிறது. படம் வந்து விழுகிறது. ஆலையென்றால் ஒரு புகைபோக்கி. தொழிலாளியென்றால் மஞ்சள் தலைக்காப்பணிந்த, எந்நாட்டவன் என்றே அறியவியலாத ஒரு முகம்! இரும்புலையருகே நிற்பவன் கழுத்துத் துண்டின் கரியை அப்பொறி அறியுமா? பிழைப்புத் தேடி வந்த பீகார் இளைஞனும் பொன்னேரி இளைஞனும் ஒரே தேநீர்க்கடை விசிப்பலகையில் அமர்ந்திருக்கும் இருப்பை அறியுமா? பழவேற்காட்டு ஏரியில் பாடு பிரித்து வலையிறக்கும் மீனவன் தோளை அறியுமா? அதே திருவள்ளூர் மாவட்டத்து அத்திரம்பாக்கத்தில்தான், கையாற் செதுக்கிய பழங்கற்கருவிகள் 1863இல் கண்டெடுக்கப்பட்டன. அம்மண்ணின் கதைக்குக் கைபடாத படமா?

படம் கதைக்குப் போட்ட ஒட்டன்று. 1906இல் தொடங்கிய ‘இந்தியா’ கிழமையிதழில் பாரதியார் கருத்துப்படங்களை வெளியிட்டது பக்கம் நிரப்புவதற்கா? எழுத்தறியாதவனும் வெள்ளையன் கொள்ளையைக் கண்டுகொள்ளற்பொருட்டன்றோ!

ஓவியர் கிடைக்கவில்லை என்பதும் பொய்ப்பேச்சே. 1850இல் தொடங்கப்பெற்ற அவ்வோவியக் கல்லூரி சென்னைப் பெரியமேட்டில் இன்றும் இருக்கிறது. நடந்துசெல்லும் தொலைவில் நடுவண் தொடர்வண்டி நிலையம். அங்கிருந்து கும்மிடிப்பூண்டிக்குப் புறநகர் வண்டி ஓடுகிறது. மாணவர் ஒருவருக்கு வழிச்செலவும் பகலுணவும் தந்து, ஒருநாள் சிப்காட் வாயிலிலும் மறுநாள் பழவேற்காட்டுக் கரையிலும் இருந்து வரையச் சொல்லட்டும். படத்திற்கு இவ்வளவு என்று முன்னரே பேசி, இதழ் வெளிவரும் நாளிலேயே கொடுக்கட்டும். பாவலர் பெயர் எவ்வளவு பெரிய எழுத்திலோ, ஓவியர் பெயரும் அவ்வளவு பெரிய எழுத்தில் இருக்கட்டும். வரைந்த தாளை மடிக்காமல் திருப்பித் தரட்டும். பணம் போதவில்லையெனில் இதழில் நான்கு பக்கம் குறைக்கட்டும். ஆசிரியரின் முன்னுரையிலிருந்தே அக்குறைப்பைத் தொடங்கலாம்.