எடைக்குப் போட்ட புரதம்

அனுப்பர்பாளையத்துப் பாத்திரப் பட்டறைகளுக்குள் பித்தளைத் தகடு கிலோ கணக்கில் போகிறது. குடமாகவும் அண்டாவாகவும் வெளியே வருகிறது. குடம் நசுங்கி ஓட்டையானால் மறுபடி எடைக்குப் போடலாம். எடை அதேதான். தண்ணிதான் நிக்காது.

புரதத்தையும் நாம் இப்படி எடைக்குப் போட்டுவிட்டோம். ஒரு ஸ்கூப்பில் எத்தனை கிராம், ஒரு முட்டையில் எத்தனை கிராம். அதோடு பேச்சு முடிஞ்சுது. நான் நிரல் எழுதுகிறவன். 'பத்து எம்.பி. நிரல்' என்று சொன்னால் அது என்ன செய்யும் என்று யாருக்காவது தெரியுமா?

கிராம் வேண்டாம் என்று சொல்லவில்லை. சத்துணவு முட்டையின் அருமை பசித்த பிள்ளைக்குத் தெரியும். ஆனால் தின்ற புரதத்தை உடம்பு அமினோ அமிலங்களாக உடைத்து, தனக்கு வேண்டிய வடிவங்களில் புதிதாகக் கோத்துக்கொள்கிறது. இருபது வகை மணிகள் கோத்த சங்கிலி. அது எப்படி மடிகிறதோ அதுதான் அதன் வேலை.

நம்பிக்கை இல்லையா? 'பயோ வாஷ்' டி-ஷர்ட்டைத் தடவிப் பாருங்கள். அந்த வழவழப்பு செல்லுலேஸ் என்ற புரதத்தின் கைவேலை. அதன் பள்ளத்தில் பருத்தியின் செல்லுலோஸ் இழை பொருந்த, அது வெட்டுகிறது. துணியின் பிசிறு உதிர்கிறது. விட்டால் துணியையே பலவீனமாக்கும். அதனால் தண்ணீரை 80 டிகிரிக்குச் சூடேற்றுவார்கள். மடிப்பு குலையும், வேலை நிற்கும். கிராம் குறையாது!

பிளீச்சிங் முடிந்து மிஞ்சும் பெராக்சைடு சாயத்தைக் கெடுக்கும். கேட்டலேஸ் என்ற இன்னொரு புரதம் அதைத் தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் பிரித்துவிடுகிறது. சில அலசல்கள் மிச்சம். நொய்யலைக் கெடுத்ததற்காக 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன ஊரில், மிச்சமாகும் தண்ணீர் சின்ன விஷயமில்லை.

இதையெல்லாம் வெளிநாட்டுக்காரன் வந்து நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. 1954-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் கொலாஜன் மூன்று இழை முறுக்கிய கயிறு என்று காட்டினார்கள். சங்கிலி எந்தக் கோணங்களில் மடங்கலாம் என்று 1963-இல் வெளிவந்த ராமச்சந்திரன் வரைபடத்தை வைத்துத்தான் உலகம் இன்றும் புரத வடிவங்களைச் சரிபார்க்கிறது. அதே சென்னையில் இன்று கொலாஜன் பவுடர் கரண்டிக் கணக்கில் விற்கிறது. துண்டு துண்டாக வெட்டிய கொலாஜன்! டப்பாவில் பெயர் இருக்கிறது, கயிறு இல்லை.

அடுத்த முறை யாராவது "இதுல புரோட்டீன் எவ்ளோ?" என்று கேட்டால், "எந்த புரோட்டீன், அது என்ன வேலை செய்யுது?" என்று திருப்பிக் கேளுங்கள்.