குதிரை சீமான்களின் சொத்தா?

குதிரை என்றதும் நமக்கு என்ன ஞாபகம் வருகிறது? ஜமீன்தார் சவாரி, போலீஸ் குதிரைப் படை, ரேஸ் மைதானம். புல் அறுத்துப் போட்டதும் லாடம் அடித்ததும் உழைப்பாளி. ஏறி உட்கார்ந்தவன் வேறொருவன். அந்தக் குதிரை நடக்க முடியாதவர்களுக்கு வைத்தியத் துணையாக இருக்கிறது என்றால் சிலர் சிரிக்கலாம். ஆனால் அது உண்மை.

டென்மார்க் நாட்டில் லிஸ் ஹார்டெல் என்ற பெண்ணை 1944-ல் இளம்பிள்ளை வாதம் தாக்கியது. அப்போது அவருக்கு வயது 23, கர்ப்பிணி. குழந்தை நலமாகப் பிறந்தது. தாய்க்கு முழங்காலுக்குக் கீழே கால்கள் விழுந்துவிட்டன. அவர் விடவில்லை. மீண்டும் குதிரை ஏறினார். 1952-ல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில், குதிரையை நுட்பமாக நடத்திக் காட்டும் போட்டியில் ஆண்களோடு மோதி வெள்ளிப் பதக்கம் பெற்றார். ஏறவும் இறங்கவும் பிறர் கைகொடுக்க வேண்டியிருந்தது. 1956-லும் வெள்ளி வென்றார்.

அவர் 1948-ல் இந்தப் போட்டிக்கு வந்திருந்தால்? வாசலிலேயே தடுத்திருப்பார்கள். ராணுவ ஆபீசர்களுக்கு மட்டுமே அன்று இடம். அந்த ஆண்டு தங்கம் வென்ற ஸ்வீடன் கோஷ்டியில் பெர்சன் என்பவர் உண்மையில் ஆபீசர் அல்ல, சார்ஜெண்ட் என்று தெரிந்தது. உடனே கோஷ்டியின் பதக்கத்தையே பறித்துவிட்டார்கள்! திறமையில் குற்றமில்லை, அந்தஸ்தில்தான் குற்றம். 1952-ல் விதி மாறியது. அதே பெர்சன் மீண்டும் தங்கக் கோஷ்டியில் நின்றார். கால் விழுந்த பெண் வெள்ளி வாங்கினார். கதவைத் திறந்தால் யார் யார் உள்ளே வருகிறார்கள், பாருங்கள்!

இந்த வைத்தியத்தில் மந்திரம் ஏதும் இல்லை. குதிரை நடக்கும்போது மேலே இருப்பவரின் இடுப்பு முன்னும் பின்னும், பக்கவாட்டிலும், மேலும் கீழும் அசைகிறது. மனிதன் நடக்கும்போது அசைவதும் ஏறக்குறைய அப்படித்தான். ஒருபோதும் நடந்தறியாத குழந்தையின் உடம்புக்கு நடையின் தாளம் பழக்கமாகிறது. முதுகு நிமிர்கிறது, உடம்பு சாயாமல் நிற்கப் பழகுகிறது. மனம் சோர்ந்தவர்களுக்கும், பேசத் தயங்கும் குழந்தைகளுக்கும், தங்கள் சொல்லுக்கு இவ்வளவு பெரிய மிருகம் கட்டுப்படுவது தைரியம் தருகிறது. செத்த நரம்பை இது உயிர்ப்பிக்காது. அப்படிச் சொல்லுகிறவர் ஏமாற்றுக்காரர். பயிற்சி பெற்ற வைத்திய ஊழியரின் மேற்பார்வையும் அவசியம்.

குதிரையைப் பிடிக்க ஒருவர், இருபுறமும் தாங்க இருவர், தீனி, லாயம் என்று செலவு அதிகம். இதை யார் கொடுப்பது? பிரிட்டனில் 1969-ல் இதற்கென தேசியச் சங்கமே ஏற்பட்டது. அது நன்கொடையாலும் சம்பளமில்லாத தொண்டர்களாலும் நடக்கிறது. தொண்டர்களை வணங்குகிறோம். ஆனால் நன்கொடை நின்றால் குழந்தையின் வைத்தியமும் நிற்க வேண்டுமா? சுவிட்சர்லாந்தைப் பாருங்கள். அது சோஷலிஸ்ட் நாடல்ல, பாங்கிகளின் நாடு. அங்கேகூட, நரம்புத் தளர்ச்சி நோய் ஒன்றுக்கும், மூளைப் பாதிப்பால் கைகால் முடங்கிய குழந்தைகளுக்கும் இந்த வைத்தியச் செலவை இன்சூரன்ஸ் ஏற்கிறது. ஆகவே முடியாத காரியமல்ல.

தாலுகா தோறும் குதிரை லாயம் கட்டு என்று நாம் கேட்கவில்லை. பல இடங்களில் சாதாரண உடற்பயிற்சி வைத்தியம்கூட ஏழைக்கு எட்டாக் கனி. மில் தொழிலாளிக்கு ஈ.எஸ்.ஐ. உண்டு, வயலில் உழைக்கும் கூலிக்கு அதுவும் இல்லை. இயந்திரத்தில் கை போனவனும், முடங்கிய குழந்தையை இடுப்பில் சுமந்தபடி களை எடுக்கும் தாயும் தர்மம் கேட்கவில்லை. வைத்தியம் அவர்கள் உரிமை. ஆபீசர்களுக்கு மட்டும் என்ற விதியே ஒருநாள் உடைந்தது. பணம் உள்ளவனுக்கு மட்டும் என்ற விதியும் உடைய வேண்டும்!