செயின் புதிது, வழுக்கல் ஏன்?



வீட்டுச் செலவில் மிச்சம் பிடித்து, சைக்கிளுக்குப் புதுச் செயின் போட்டுக் கொடுத்திருப்பீர்கள். சமதரையில் நன்றாகத்தான் ஓடும். மேட்டில் ஏறும்போதோ, சந்தியைக் கடக்க மகன் எழுந்து நின்று மிதிக்கும்போதோ 'கடக்' என்று செயின் துள்ளும். பெடல் சடாரென்று கீழே போகும். பின்னால் பஸ் வரும் நேரத்தில் இப்படி நடந்தால் என்னவாகும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

பிறகு வீட்டில் வழக்கு ஆரம்பமாகும். "இவன் முரட்டுத்தனமாக மிதிக்கிறான்" என்பார் வாப்பா. "கடைக்காரர் போலிச் சாமான் போட்டுவிட்டார்" என்பான் மகன். பல வேளைகளில் இருவர் சொல்வதும் சரியல்ல. யாரையும் குற்றஞ் சொல்லுமுன் சைக்கிளைச் சோதித்துப் பாருங்கள். அதற்குப் பாடசாலை அடிமட்டம் ஒன்றும், வெண்கட்டித் துண்டு ஒன்றும் போதும்.

முதலில் காரணத்தை விளங்கிக்கொள்வோம். செயினின் ஓர் ஆணியிலிருந்து அடுத்த ஆணிக்குள்ள தூரம் சரியாக அரை அங்குலம். பற்சில்லின் பற்களும் அதே அளவுக்கே வெட்டப்பட்டுள்ளன. ஓட ஓட ஆணிகள் தேய்ந்து இந்த இடைவெளி கூடுகிறது. 'செயின் இழுபட்டுவிட்டது' என்று நாம் சொல்வது இதைத்தான். உண்மையில் இரும்பு நீளவில்லை, மூட்டுகள்தான் தேய்ந்துள்ளன. நீண்ட செயினோடு சேர்ந்து ஓடிய பற்களும் அதற்கேற்றபடி தேய்ந்து வளைகின்றன. பழைய செயினும் பழைய பல்லும் ஒன்றுக்கொன்று பழகிப்போனவை. அங்கே சரியான அளவுள்ள புதுச் செயினைப் போட்டால் அது பள்ளத்தில் உட்காராமல் பல்லின்மேல் ஏறித் துள்ளுகிறது. பல் தேய்ந்த சிப்புக்கு ஓடியை மட்டும் புதிதாக மாற்றினால் வாய் பிளப்பதைத் தையல் தெரிந்த நீங்கள் அறிவீர்கள். இதுவும் அப்படித்தான்.

அதிகம் தேய்வது பின்னாலுள்ள சிறிய சில்லு, அதாவது பிரீவீல். முன்னால் 48 பல்லும் பின்னால் 18 பல்லும் இருந்தால், பெடல் ஒருமுறை சுற்றும்போது பின்சில்லு இரண்டரைத் தடவைக்கு மேல் சுற்றுகிறது. உழைப்பு கூடினால் தேய்வும் கூடும்தானே. புதுப் பல்லின் இரு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும். ஒரு பக்கம் குழிந்து, நுனி கொக்கிபோல் வளைந்திருந்தால் அந்தப் பிரீவீலையும் மாற்றத்தான் வேண்டும். முன்சில்லையும் மறந்துவிடாதீர்கள். அதன் முன்பக்கத்தில் புதுச் செயினைப் பிடித்து இழுத்துப் பாருங்கள். பாதிப் பல் தெரியுமளவுக்கு அது எழும்பினால் முன்சில்லும் தேய்ந்திருக்கிறது.

இரண்டையும் மாற்றிய பின்னும் வழுக்குகிறதா? அப்படியானால் செயினின் தொய்வைப் பாருங்கள். இரு சில்லுகளுக்கும் நடுவில் செயினை விரலால் மேலும் கீழும் அசைத்தால் ஏறக்குறைய அரை அங்குலம் ஆட வேண்டும். கூடுதலாக ஆடினால் பின்சில்லின் நட்டுகளைத் தளர்த்தி, சில்லைப் பின்னுக்கு இழுத்து, நேராக வைத்து இறுக்க வேண்டும். நட் நன்றாக இறுகாவிட்டால் பலமாக மிதிக்கும்போது சில்லு முன்னுக்கு நகர்ந்து மீண்டும் தொய்வு உண்டாகும்.

அடுத்தது செயினின் அகலம். கியர் இல்லாத சாதாரண சைக்கிளுக்கு அங்குலத்தில் எட்டிலொரு பங்கு அகலமுள்ள செயின் போடுவார்கள். கியர் சைக்கிள் செயின் அதைவிட ஒடுக்கமானது. தடித்த பல்லில் ஒடுக்கமான செயின் இறங்காது, மேலேயே நிற்கும்.

பிறகு பெடலைப் பின்பக்கமாக மெதுவாகச் சுற்றி, ஒவ்வொரு மூட்டும் தாராளமாக மடங்கி நிமிர்கிறதா என்று கவனியுங்கள். பூட்டிய இடத்தில் ஒரு மூட்டு இறுகியிருந்தால், அது பல்லுக்கு வரும் ஒவ்வொரு முறையும் துள்ளும். பூட்டுக் கிளிப் இருந்தால், அதன் மூடிய பக்கம் செயின் ஓடும் திசையை நோக்கியிருக்க வேண்டும். மாறியிருந்தால் கிளிப் கழன்று விழக்கூடும்.

செயின் துள்ளாமல் பெடல் மட்டும் வழுக்கினால்? பிரீவீலின் பல்லிலிருந்து சில்லின் நடுக்குடம்வரை வெண்கட்டியால் ஒரு கோடு போடுங்கள். பின் பிரேக்கை ஒருவர் பிடித்துக்கொள்ள, மற்றவர் பெடலைக் கையால் முன்னுக்கு அழுத்தட்டும். கோடு பிரிந்தால் பிரீவீலின் உள்ளே பிடிப்பு இல்லை. கோடு பிரியாமல், செயினும் துள்ளாமல், பெடல் தண்டு மட்டும் ஆடினால் அதன் கொட்டர் பின் தளர்ந்திருக்கிறது.

ஓர் எச்சரிக்கை: பெடல் சுற்றும்போது செயினில் கை வைக்கவே கூடாது. சின்னப் பிள்ளைகளைப் பக்கத்தில் விட வேண்டாம். செயினுக்கும் பல்லுக்கும் நடுவே அகப்பட்ட விரல் நசுங்கிவிடும். வேலை முடிந்ததும் செயின் கவரை மறக்காமல் பூட்டுங்கள். ஆடை சிக்காமல் காப்பது அதுதான்.

இந்தச் செலவைக் குறைக்கவும் வழியுண்டு. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, பெடலை அசையாமல் பிடித்துக்கொண்டு, செயினின் ஓர் ஆணியின் நடுவில் அடிமட்டத்தின் பூச்சியத்தை வையுங்கள். புதுச் செயினில் 24 ஆவது இடைவெளியின் ஆணி சரியாக 12 அங்குலத்தில் நிற்கும். அது அங்குலத்தில் பதினாறிலொரு பங்கு தள்ளிப் போயிருந்தால் செயினை மட்டும் மாற்றினால் போதும். எட்டிலொரு பங்கு தள்ளும்வரை விட்டுவைத்தால் பிரீவீலுக்கும் சேர்த்தே காசு எடுத்து வைக்க வேண்டிவரும். இடையிடையே செயினிலுள்ள மண்ணைத் துணியால் துடைத்து, மூட்டுகளில் எண்ணெய் விட்டு, மேலே வழிவதைத் துடைத்துவிடுங்கள். மண்ணோடு சேர்ந்த எண்ணெய் செயினை அரம்போல் அராவும்.

கடைக்கு அனுப்பும்போது "வழுக்குகிறது" என்று மட்டும் சொல்லிவிட வேண்டாம். பலமாக மிதிக்கும்போதா, எப்போதுமா, செயின் துள்ளுகிறதா, பெடல் மட்டும் இறங்குகிறதா என்று எழுதியே கொடுத்தனுப்புங்கள். திருத்துபவருக்கு வேலை இலகு. உங்களுக்கும் தேவையில்லாத செலவு வராது. அதுவரை அந்தச் சைக்கிளில் யாரையும் பெருந்தெருவுக்கு அனுப்பாதீர்கள்.