புகழுரையும் பொருளும்

மோர் விற்பவள் தன் மோர் புளிக்கும் என்று கூறாள். இஃது உலகம் அறிந்த உண்மை. ஆதலின், விற்பவர் தம் பொருளைப் புகழும்போது, கேட்பவர் அப்புகழில் பாதியைத் தள்ளியே கொள்வர். ஆனால், முன்பே வாங்கிய ஒருவர் அப்பொருள் நன்று என்று கூறின், அச்சொல்லை உடனே நம்புவர். அப்படிக் கூறுவதால் அவர்க்கு வரும் ஊதியம் ஒன்றும் இல்லை என்பதே அந்நம்பிக்கைக்கு அடிப்படை.

இந்நாளில் இணையத்தின் வழியாகவும் வாணிகம் நடைபெறுகின்றது. அங்கே முகப்பூச்சு, கூந்தல் தைலம், சோப்பு முதலிய ஒப்பனைப் பொருள்களைப் பற்றி, வாங்கியோர் எழுதியனவாகப் பல புகழுரைகள் காணப்படுகின்றன. அவற்றை எழுதியோர் உண்மையில் வாங்கியோர்தாமா? அமெரிக்காவில் 'சண்டே ரைலி' என்னும் அழகுப்பொருள் நிறுவனத்தின்மீது அந்நாட்டுக் கூட்டாட்சி வணிக ஆணையம் 2019ஆம் ஆண்டில் குற்றம் சாட்டியது. அந்நிறுவனத்தார் பொய்ப்பெயர்களில் மறைந்து, தம் பொருள்களைத் தாமே புகழ்ந்து எழுதினர் என்பதே அக்குற்றச்சாட்டு. இனி அவ்வாறு செய்வதில்லை என்று நிறுவனம் உடன்பட்டது. விற்பவரே வாங்குபவரின் குரலில் பேசுவாராயின், கேட்பவர் எதனைத் தள்ளுவார், எதனைக் கொள்வார்?

புகழுரை மெய்யாகவே இருப்பினும், அது போதிய சான்று ஆகுமோ? ஆகாது. முகத்தை வெளுக்கச் செய்யும் களிம்புகள் சிலவற்றில் பாதரசம் கலக்கப்படுகின்றது. தோலில் கருநிறப் பொருள் உண்டாவதைப் பாதரசம் தடுக்கும்; அதனால் முகம் வெளுக்கும். பூசியவர் மகிழ்ந்து புகழ்வார். அவர் கூறுவது பொய்யன்று. ஆயின், தோலின் வழியே உட்புகும் அந்நஞ்சு சிறுநீரகத்தைக் கெடுப்பதை அவர் அறியார். கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் சிறுநீரக நோயுற்றோர் சிலர் இத்தகைய களிம்புகளைப் பூசி வந்தவர்கள் என்பதை மருத்துவர்கள் கண்டறிந்த செய்தி 2023ஆம் ஆண்டில் வெளிவந்தது. கண்ணாடி முகத்தைக் காட்டும், சிறுநீரகத்தைக் காட்டாது. கருமையைக் குறை என்று எண்ணி நாணுவோரே இவ்வலையில் எளிதில் வீழ்கின்றனர். கருமை குறையன்று, அதனைக் குறை என்று கூறுவோர்க்கு அதனால் வாணிகம் உண்டு.

புகழுரைகளை முற்றும் ஒதுக்க வேண்டுவதில்லை. அவற்றோடு குறை கூறும் உரைகளையும் படித்தல் வேண்டும். ஒரே நாளில், ஒரே வகைச் சொற்களால், பலர் புகழ்ந்திருப்பின் ஐயுறுதல் வேண்டும். உறையின்மேல் செய்தவர் பெயரும் முகவரியும், உரிம எண்ணும், கலந்துள்ள பொருள்களும், பயன்படுத்தற்குரிய இறுதி நாளும் உள்ளனவா என்று காணுதல் வேண்டும். இவை இல்லாத பொருளை ஆயிரம் பேர் புகழினும் வாங்குதல் தகாது. ஐயம் எழுந்தால் தோல் மருத்துவரை வினவுதல் நன்று.

மோரைச் சிறிது சுவைத்துப் பார்த்து வாங்கலாம். புளித்திருப்பின் நாவே கூறிவிடும். உடலுள் மறைந்து புகும் நஞ்சை அறிய நாவும் உதவாது, கண்ணும் உதவாது. ஆராய்ச்சி ஒன்றே உதவும்.