இரத்தத்தின் சாட்சியம்

கிரந்தி நோய் என்றதும் முகஞ்சுளித்துப் பேச்சை மாற்றுவது நம்மவர் வழக்கம். மருத்துவர் சிபிலிஸ் என்பது இந்நோயையே. அவ்வெட்கத்தால் விளையும் கேடொன்றை இவ்வாரம் எடுத்துரைக்க விரும்புகிறோம். நோய் நீங்கியவரையும் நோயாளி என்றே எண்ணிவிடுவதுதான் அது.

ஒலுவில் முதல் கல்முனை வரையுள்ள நம் கரையோர ஊர்களிலிருந்து வளைகுடா நாடுகளுக்குத் தொழில் தேடிச் செல்வோர் பலர். அவர்களுக்கு நடத்தப்படும் மருத்துவப் பரிசோதனையில் இந்நோய்க்கான இரத்தச் சோதனையும் உண்டு. கர்ப்பவதிகளுக்கும் கிளினிக்குகளில் இச்சோதனை செய்யப்படுகிறது. முடிவுத் தாளில் ‘பொசிட்டிவ்’ என்னும் ஒரு சொல்லைக் கண்டதும் குடும்பமே கலங்கிவிடுகிறது. அச்சொல்லின் பொருளை அறிந்தவரோ சிலரே.

சோதனைகள் இருவகைப்படும். கிருமியை எதிர்த்து உடல் ஆக்கிய பிறபொருளெதிரிகளைக் காண்பது ஒருவகை, ரி.பி.எச்.ஏ. இவ்வகையினது. நோய் குணமாகிய பின்னரும் பெரும்பாலோரிடத்து இது ஆயுள் முழுவதும் ‘பொசிட்டிவ்’ என்றே காட்டும். ஆறிய புண்ணின் தழும்பு போன்றது அது.

மற்றது, 1946ஆம் ஆண்டு முதல் வழங்கிவரும் வீ.டி.ஆர்.எல். இரத்தத்தின் தெளிநீரைப் படிப்படியாக இருமடங்கு ஐதாக்கி, எந்த அளவுவரை எதிர்வினை தோன்றுகிறதென இதிற் கணிப்பர். சிகிச்சைக்கு முன் 1:32 ஆக இருந்தது, பெனிசிலின் ஏற்றிச் சில மாதங்கள் சென்றபின் 1:8 ஆகவோ அதனினுங் குறைவாகவோ இறங்கினால், மருந்து பலித்தது என்பது பொருள். இறங்கியது மீண்டும் நான்கு மடங்கு ஏறினால், நோய் திரும்பியதென்றோ புதிதாய்த் தொற்றியதென்றோ ஐயுற வேண்டும். குணமாகிய பின்னும் சிலரிடத்து அது சிறிய அளவில் நின்றுவிடுவதுண்டு. கர்ப்பமும் வேறு சில நோய்களும் பொய்யான எதிர்வினை காட்டுவதுமுண்டு.

ஆகவே, ஒரு தாளைக் கொண்டு ஒருவரைத் தீர்ப்பிடுதல் தகாது. முன்பு சிகிச்சை பெறாதவராயின் தாமதமின்றி மருத்துவரை நாட வேண்டும். பெற்றவராயின், பழைய தாளையும் சிகிச்சை பெற்ற திகதியையும் பேணி வைத்து, இயன்றவரை அதே ஆய்வுகூடத்தில் மறுமுறை சோதித்து, இரண்டையும் மருத்துவரிடம் காட்டுதலே முறை.

தாயிடமிருந்து சேய்க்கு இந்நோய் பரவுவதை ஒழித்த நாடென 2019ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை அங்கீகரித்தது. நம் தாய்மார் தயங்காது கைநீட்டி இரத்தங் கொடுத்திராவிடின் அப்பேறு கிட்டியிராது. அதே துணிவு ஆடவர்க்கும் வேண்டும். குணமடைந்தவரைக் குணமடைந்தவராகவே ஏற்கும் நேர்மை நம் இல்லங்களுக்கும் வேண்டும்.