உப்புக் குறைந்த ஒரே சட்டி

இரத்த அழுத்தமுள்ளவருக்கு உப்பைக் குறைக்கும்படி வைத்தியர் பணித்ததும், அவருக்கெனத் தனிச் சட்டி வைப்பது நம் இல்லங்களில் வழக்கமாகிவிட்டது. சகோதரிகளே, அது வேண்டாம். அவர் சோற்றை வெறுத்து எழுவதற்கு அத்தனிச் சட்டியே பாதிக் காரணம். நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பே, அஃதாவது ஒரு தேக்கரண்டிக்கும் சற்றுக் குறைவே, போதுமென்று உலக சுகாதார நிறுவனம் கூறுவது நோயில்லாதோருக்குந்தான்.

அரைச் சுண்டு பயற்றை இரவே ஊறவிட்டு, மறுநாள் நன்கு அவித்து, பூசணித் துண்டுகளும் உள்ளியும் சேர்த்து வேகவையுங்கள். மிளகும் சீரகமும் அரைத்திட்டு, இறக்கியபின் தேசிக்காய்ப் புளி விடுங்கள். புளிப்பும் உறைப்பும் உப்பின் குறையை மறைத்துவிடும். முதல் வாரம் பிள்ளைகள் முணுமுணுப்பர். நாக்கு மெல்லப் பழகிக்கொள்ளும்.

மீனெனின், பாரையோ விளைமீனோ பச்சையாக வாங்கிப் பழப்புளி, மிளகு, கறிவேப்பிலையுடன் காய்ச்சுங்கள். கருவாடு கூடாது. சம்பலில் நாம் எண்ணாமலே இடித்துச் சேர்க்கும் மாசியிலும் உப்புண்டு.

கடைகளில் உப்புக்குப் பதிலாக விற்பனவற்றிற் பல பொட்டாசியம் கலந்தவை. சிறுநீரக நோயுள்ளோர் வைத்தியரைக் கேளாமல் அவற்றைத் தொடலாகாது.