சின்னத் திரையில் தெரிந்த முகம்

வட்டமா, சதுரமா, வளைவா? இன்றைக்கு எந்த ஜன்னல் வழியாகப் போகலாம்?

பிரிட்டனில் ஒரு தலைமுறைப் பிள்ளைகள் தொலைக்காட்சி முன் உட்கார்ந்து தினமும் ஊகித்த விடை இது. நிகழ்ச்சியின் பெயர் ‘பிளே ஸ்கூல்’. பிபிசி 2 அலைவரிசை 1964 ஏப்ரல் 20 இரவு கோலாகலமாகத் தொடங்கியிருக்க வேண்டும். லண்டனில் ஏற்பட்ட மின்வெட்டு அதைக் கெடுத்தது. மறுநாள் காலை, திட்டமிட்டபடி ஒளியேறிய முதல் நிகழ்ச்சி என்ற பெருமை இந்தச் சிறுவர் நிகழ்ச்சிக்குக் கிடைத்தது.

அதில் 1976-இல் ஒரு புது முகம் வந்தது. பின்னிய கூந்தலில் வண்ண மணிகள், முகம் நிறைந்த சிரிப்பு. அவர்தான் ஃபுளோயெல்லா பெஞ்சமின்.

1949-இல் டிரினிடாட் தீவில் பிறந்தவர். அப்பா காவல் துறையில் இருந்தவர். ஜாஸ் இசையில் பித்துக் கொண்டவர். பிழைப்புத் தேடி அவர் முதலில் இங்கிலாந்துக்குப் போனார். பிறகு அம்மா, கடைசி இரண்டு பிள்ளைகளை மட்டும் அழைத்துக்கொண்டு புறப்பட்டார். மற்ற நால்வரும் வளர்ப்பு வீடுகளில் விடப்பட்டார்கள். அங்கே அன்பு இல்லை, அடி உண்டு. பதினைந்து மாதங்களுக்குப் பிறகுதான் கப்பலேறினார்கள். 1960-இல் சவுத்ஹாம்டன் துறைமுகத்தில் இறங்கியபோது ஃபுளோயெல்லாவுக்கு வயது பத்து.

அம்மாவைப் பார்த்த மகிழ்ச்சி நீடிக்கவில்லை. பள்ளியில் தோல் நிறத்தைச் சொல்லிக் கேலி, தெருவில் ஏச்சு. சில ஆண்டுகளில் குடும்பம் பெக்கன்ஹாம் என்ற வசதியான வட்டாரத்தில் வீடு வாங்கப் போனது. வீட்டைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தபோதே போலீஸ் வந்துவிட்டது. கறுப்பர்கள் திருட வந்திருக்கிறார்கள் என்று அக்கம்பக்கத்தார் போன் செய்திருந்தார்கள். அம்மா அசரவில்லை. அந்த வீட்டையே வாங்கினார்.

பதினாறு வயதில் பள்ளியை விட்ட ஃபுளோயெல்லா, வங்கியில் வேலைக்குச் சேர்ந்தார். முதல் கறுப்பின வங்கி மேலாளர் ஆக வேண்டும் என்பதே அன்றைய கனவு. ஆனால் அப்பாவிடமிருந்து வந்த பாட்டு விடவில்லை. ‘ஹேர்’ என்ற இசை நாடகத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று அறிந்து குரல் தேர்வுக்குப் போனார்; தேர்வானார். அதன்பின் மேடை, தொலைக்காட்சி நாடகம், 1977-இல் ‘பிளாக் ஜாய்’ திரைப்படம் என்று நடிப்பு வாழ்க்கை வளர்ந்தது.

இடையில் வந்ததுதான் ‘பிளே ஸ்கூல்’. பொம்மை, பாட்டு, ஒரு குட்டிக் கதை, அவ்வளவுதான். நடிகர்கள் பலருக்கு அது இன்னொரு வேலை. அவருக்கு அப்படி இல்லை. நிகழ்ச்சியில் கதை சொல்லும்போது காட்டிய படங்களைப் பார்த்தார். அத்தனையும் வெள்ளை முகங்கள். கறுப்புப் பிள்ளை, இந்தியப் பிள்ளை, சீனப் பிள்ளை ஒன்றுகூட இல்லையே என்று தயாரிப்பாளரிடம் கேட்டார். அவருக்கு முன்பே அந்நிகழ்ச்சியில் கறுப்பினத் தொகுப்பாளர்கள் இருந்திருக்கிறார்கள். ஆனாலும் கதைப் படங்களை யாரும் கவனிக்கவில்லை. அவர் கேட்ட பிறகு படங்கள் மாறின.

இது சின்ன விஷயமா? மூன்று வயதுப் பிள்ளைக்குத் திரையில் வருவதுதான் வெளியுலகம். அங்கே தன்னைப் போல் யாருமே இல்லையென்றால், ‘இந்த உலகம் எனக்கு இல்லை போலும்’ என்று அது நினைத்துக்கொள்ளும். வெள்ளைக்காரப் பிள்ளைக்கும் இதனால் லாபம்தான். தினமும் தன்னோடு அன்பாகப் பேசும் ஒரு கறுப்பு முகத்தைப் பார்த்து வளர்ந்த பிள்ளை, பக்கத்து வீட்டுக்கு அப்படியொரு குடும்பம் வந்தால் போலீசைக் கூப்பிடுமா?

1988-இல் நிகழ்ச்சி நின்றது. அவர் நிற்கவில்லை. அரசாங்கத்தில் சிறுவர்களுக்கென்றே ஓர் அமைச்சர் வேண்டும் என்று பல ஆண்டுகள் குரல் கொடுத்தார். 2010-இல் மேலவை உறுப்பினரானபோது அவர் ஏற்ற பட்டத்தைக் கவனியுங்கள்: ‘பெக்கன்ஹாமின் பெஞ்சமின் சீமாட்டி’. போலீஸ் வந்த அதே ஊர்!

மேலவையிலும் பழைய தொழிலை மறக்கவில்லை. விளம்பர வருமானம் குறைந்ததால் தனியார் நிறுவனங்கள் சிறுவர் நிகழ்ச்சிகளைக் கைவிட்டு வந்தன. 2017-இல் டிஜிட்டல் பொருளாதாரச் சட்டத்தில், சிறுவர் நிகழ்ச்சிகளுக்கு அளவுகோல் விதிக்கும் அதிகாரத்தை ஒலி, ஒளிபரப்புக் கண்காணிப்பு அமைப்புக்குத் தர வைத்ததில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. 2022-இல் வாட்டர்லூ ரயில் நிலையத்தில் கரீபியக் குடியேறிகளுக்கு நினைவுச்சின்னம் எழுந்தது. அந்தக் குழுவின் தலைவர் அவர். மறு ஆண்டு மன்னர் சார்ல்ஸின் முடிசூட்டு விழாவில், புறா பொறித்த செங்கோலை ஏந்தி நடந்தார். 2024-இல் பாஃப்டாவின் மிக உயர்ந்த கௌரவமும் வந்தது.

இத்தனை பட்டங்கள் இருந்தாலும், அன்று திரைமுன் உட்கார்ந்திருந்தவர்களை அவர் இன்றும் ‘என் பிளே ஸ்கூல் குழந்தைகள்’ என்றே அழைக்கிறார். அந்தக் குழந்தைகளுக்கு இப்போது தலை நரைத்துவிட்டது.

நம் வீடுகளில் இன்று ஜன்னல் கைப்பேசிக்குள் வந்துவிட்டது. பிள்ளை அமைதியாகப் பார்க்கிறதே என்று நாமும் நம் வேலையைக் கவனிக்கிறோம். இந்த வாரம் ஒரு நாள், அரை மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து சேர்ந்து பாருங்கள். அதில் வருகிற முகங்கள் யாருடையவை? பெயர்கள் யாருடையவை? நம் பிள்ளையின் மொழியில் யாராவது பேசுகிறார்களா? இல்லையென்றால், தேடித் தருவது நம் பொறுப்பு. கிடைக்காவிட்டால், ஃபுளோயெல்லா போல, உரியவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவோம்.